பெயரெல்லாம் ஏன் பவளத்துக்கு மட்டும்? வடஆற்காட்டு அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய வடஆற்காடு மாவட்டத்துப் பள்ளிகளின் அறிவியல் ஆசிரியர்களுக்கும், வருடா வருடம் சுற்றுலாவுக்குத் தேதி குறிக்கும் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று 2019இல் மூன்றாகப் பிரிந்தோம். திருவண்ணாமலை 1989இலேயே தனிக்குடித்தனம் போய்விட்டது. ஆனாலும் நாலு மாவட்டத்துக்கும் சேர்த்தே எழுதுகிறேன், நாலுக்குமே கடல் கிடையாது என்பதால். கடல் இல்லாத ஊர்க்காரி கடலில் வளரும் பாசிக்கு வக்காலத்து வாங்குகிறாளே என்று சிரிப்பு வரலாம். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

நான் குடியாத்தத்தில் மேல்நிலை வகுப்புகளுக்குத் தாவரவியல் எடுப்பவள். கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பவளப்பாறைப் பாடம் வரும்போதும் சுண்ணாம்புக்கல் பாடம் வரும்போதும் சுண்ணாம்புப் பாசிகளை, அதாவது உடம்பில் சுண்ணாம்பு கட்டி வளரும் கடற்பாசிகளை, விட்டுவிடாதீர்கள். ஒரு பீரியடாவது அவற்றுக்குக் கொடுங்கள். முடிந்தால் பிள்ளைகளை ஒரு தடவை, அவை கல்லாகிக் கிடக்கும் அரியலூர்ப் பக்கம் அழைத்துப் போங்கள்.

எழுத வைத்தது ஓர் அறிவியல் கண்காட்சி. எந்தப் பள்ளி, எந்த வருடம் என்பதெல்லாம் வேண்டாம். பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி தெர்மாகோலில் பவளப்பாறை செய்து வைத்திருந்தாள். பவளங்களுக்கு இடையே, உடைந்த துண்டுகளின் மேலெல்லாம் ரோஸ் நிறத்தில் கெட்டியாகப் பூசியிருந்தாள். நடுவராக வந்தவர் குனிந்து பார்த்துவிட்டு, “பெயிண்ட் வழிஞ்சிடுச்சாம்மா?” என்றார். “இல்ல சார், இது பாசி. இதுதான் பாறைய ஒட்டி வைக்குது” என்றாள் அவள். “பாசின்னா பச்சையா இருக்கும். பவளப்பாறையக் கட்டறது பவளம்தான்” என்று சொல்லி மதிப்பெண் தாளில் எதையோ எழுதிக்கொண்டு நகர்ந்துவிட்டார். முதல் பரிசு வழக்கம்போல வினிகரும் சோடா உப்பும் பொங்கும் எரிமலைக்குப் போனது.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாம் நடத்துகிற பாடமே அப்படித்தான் இருக்கிறது. பவளப்பாறை என்றால் பவள உயிரி, சுண்ணாம்புக்கல் என்றால் சிப்பி, கிளிஞ்சல். கொஞ்சம் கூடுதலாகப் படித்தவர்கள் பவளத்தின் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசியைச் சொல்வார்கள். அது வேறு, அது சுண்ணாம்பு செய்வதில்லை. தன் உடம்பிலேயே சுண்ணாம்பைக் கட்டிக்கொண்டு வளரும் பாசிகள் தனிக் கூட்டம். பெயர்ப்பலகையில் பவளத்தின் பெயர் மட்டும் இருக்கிறது, வேலையில் பாதியைப் பார்த்தவர் பெயர் இல்லை.

அந்தப் பெண் ரோஸ் நிறம் பூசியதில் துளியும் தப்பில்லை. சுண்ணாம்பு கட்டும் பாசிகளில் ஒரு பிரிவான கோரலின் பாசிகள் சிவப்புப் பாசி வகையைச் சேர்ந்தவை. அவற்றில் பல, தண்டு இலை எதுவும் இல்லாமல் பாறையோடு பாறையாகத் தகடுபோல் படர்பவை. முதல்முறை பார்ப்பவருக்கு யாரோ பெயிண்டைக் கொட்டிய மாதிரிதான் தெரியும், நடுவர் சொன்னது அந்த வகையில் சரி. செல்சுவரிலேயே மெக்னீசியம் கலந்த கால்சைட் என்ற சுண்ணாம்புப் படிகத்தைப் படிய வைப்பதால் தொட்டால் கல்லாகத்தான் இருக்கும். இவை தாவரமா விலங்கா என்பதிலேயே ரொம்ப நாள் குழப்பம் இருந்தது. உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் இவற்றை விலங்குகளோடு சேர்த்திருந்தார். கல்போலக் கிடக்கும் லித்தோதாம்னியன், லித்தோஃபில்லம் இரண்டுக்கும் 1837இல் அந்தப் பெயர்களை வைத்துத் தாவரம்தான் என்று நிறுவியவர் பிலிப்பி என்ற இயற்கையியலாளர்.

இந்தப் பாசிகளின் உறவுக்காரர்கள் நமக்குப் புதிதல்ல. நோன்பு மாதத்தில் வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் பாலில் காய்ச்சி, ஆறவிட்டு, சதுரம் சதுரமாக வெட்டித் தட்டில் வைக்கும் கடல்பாசி இருக்கிறதே, அந்த அகாரும் சிவப்புப் பாசியிலிருந்து வருவதுதான். ஒன்று வழுக்கிக்கொண்டு போகும், இன்னொன்று பல்லை உடைக்கும். ஆனால் குடும்பத் தொடர்பு உண்டு. கோரலின் பாசித் துண்டு ஒன்றைக் கொஞ்ச நாள் வினிகரில் ஊறப்போட்டால் சுண்ணாம்பெல்லாம் கரைந்து, கடைசியில் மிஞ்சுவது மெத்தென்ற ஒரு திசுதான்.

வெப்பக்கடலில் அலை வந்து நேராக அறையும் இடத்தில் கிளை கிளையாக வளரும் பவளம் நிற்காது, முறிந்துவிடும். முறிந்த துண்டுகள் உருண்டு ஓடாமல் அவற்றின் மேல் படர்ந்து, ஒன்றோடொன்று சேர்த்துக் கெட்டிப்படுத்துவது இந்தத் தகட்டுப் பாசிகள். பசிபிக் தீவுகள் பலவற்றில் அலை உடையும் விளிம்பில் பாசியே கட்டிய ரோஸ் நிற மேடு நீள நெடுக ஓடுகிறது. போரோலித்தான் என்ற வகை அங்கே முக்கியமான ஆள். புயலடித்தால் முதல் அடியை வாங்குவது அந்த மேடுதான்.

இன்னொன்றும் செய்கின்றன, அதுதான் எனக்கு அதிகம் பிடித்தது. பவளத்தின் குஞ்சுகள், அதாவது நீந்தித் திரியும் இளம்புழுக்கள், கண்ட இடத்தில் உட்காருவதில்லை. சில வகைக் கோரலின் பாசியும் அதன் மேல் வாழும் பாக்டீரியாக்களும் வெளியிடும் வேதிப்பொருள்களை உணர்ந்து, அங்கே இறங்கி, ஒட்டிக்கொண்டு, பவளமாக மாறத் தொடங்குகின்றன. பாசி இல்லாத பாறை அவற்றுக்கு வெறும் பாறை. ஆக, பவளம் குடி வருவதற்கு முன்பே அங்கே பாசி இருந்தாக வேண்டும். “பவளப்பாறையக் கட்டறது பவளம்தான்” என்றவரிடம் இதை யாராவது பொறுமையாகச் சொல்லியிருக்கலாம்.

வெளிச்சத்துக்கும் இவை ரொம்ப ஆசைப்படுவதில்லை. பஹாமாஸ் கடலில் 1984இல் ஒரு நீர்மூழ்கி 268 மீட்டர் ஆழத்தில் உயிரோடு இருக்கும் கோரலின் பாசியைக் கண்டது. மேலே விழும் சூரிய ஒளியில் லட்சத்தில் ஒரு பங்குகூட அங்கே இறங்குவதில்லை. தாவரத்துக்கு வெயில் வேண்டும் என்று வேலூர் வெயிலில் நின்றுகொண்டு சொல்லிக் கொடுக்கும் நமக்கு இது நல்ல கேள்வித்தாள் விஷயம்.

பாறைக்குள் யார் எவ்வளவு இருக்கிறார்கள் என்று ஒருமுறை துளை போட்டே பார்த்தார்கள். எரிமலைத் தீவு மெல்ல மெல்ல மூழ்க, அதன் விளிம்பில் பவளம் மேலே மேலே வளர்ந்து வளையத் தீவாகிறது என்று டார்வின் 1842இல் எழுதியிருந்தார். அது சரியா என்று பார்க்க லண்டன் ராயல் சொசைட்டி 1896 முதல் 1898 வரை பசிபிக்கின் ஃபுனாஃபுட்டித் தீவுக்கு மூன்று முறை ஆளனுப்பித் துளையிட்டது. துளை 1,114 அடி வரை போயும் எரிமலைப் பாறை தட்டுப்படவில்லை. (அது தட்டுப்பட்டது 1952இல் எனிவெட்டாக் தீவில், 1,200 மீட்டருக்கும் கீழே. டார்வின் சொன்னது சரி.) ஆனால் ஃபுனாஃபுட்டியில் வேறொன்று வெளிச்சத்துக்கு வந்தது. அந்தத் தீவைக் கட்டியவர்களை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்தினார்கள். முதலில் லித்தோதாம்னியன், இரண்டாவது ஹாலிமீடா, மூன்றாவது ஃபொராமினிஃபெரா என்ற ஒருசெல் உயிரிகள். பவளம் நாலாவது. எல்லாத் தீவிலும் இதே வரிசை என்று நான் சொல்ல வரவில்லை, இடத்துக்கு இடம் மாறும். ஆனாலும் முதல் இரண்டு இடத்தையும் பாசி பிடித்த ஒரு தீவுக்கு நாம் இன்னமும் பவளத்தீவு என்றே பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அந்த இரண்டாம் இடத்து ஹாலிமீடா பச்சைப் பாசி. மன்னார் வளைகுடாவிலும் உண்டு. பார்க்க நம் பாலாற்றங்கரைப் பொட்டலில் கிடக்கும் சப்பாத்திக்கள்ளியைச் சுண்டுவிரல் அளவுக்குச் சுருக்கிக் கடலில் நட்டதுபோல இருக்கும், வட்ட வட்டத் தகடு ஒன்றின் மேல் ஒன்று. அதன் ஒரு வகைக்குச் சப்பாத்திக்கள்ளியின் அறிவியல் பெயரான ஒபுன்ஷியா என்றே பெயர். பச்சையாகத் தெரிந்தாலும் உள்ளே அராகனைட் என்ற இன்னொரு வகைச் சுண்ணாம்புப் படிகம் ஊசி ஊசியாகத் திணிந்து கிடக்கும். பாசி ஒளிச்சேர்க்கைக்காகக் கரியமில வாயுவை இழுக்கும்போது திசுக்களுக்கு இடையே அடைபட்ட நீரில் காரத்தன்மை ஏறி, சுண்ணாம்பு பிரிந்து ஊசியாகப் படிகிறது. இத்தனைக்கும் முழுச் செடியும் குறுக்குச்சுவர் இல்லாத ஒரே குழாய் வலை, கணக்குப்படி ஒரே செல் என்றுகூடச் சொல்லலாம். அதற்குள் எண்ணற்ற உட்கருக்கள்.

புதுத் தகட்டை அது இரவில்தான் விடுகிறது. பகலில் மேயும் மீன்கள் அடங்கிய நேரம் பார்த்து வெளுப்பாகத் தளிர் விட்டு, அதில் கசப்பான நச்சுப் பொருளை நிறைத்து வைத்து, விடியும் நேரம் பச்சையத்தை அனுப்புகிறது. அடுத்த ஓரிரு நாளில் சுண்ணாம்பு ஏறிவிடும், பிறகு கடிப்பவருக்குத்தான் கஷ்டம். இனப்பெருக்கம் இன்னும் விசேஷம். உடம்பிலுள்ள உயிர்ச்சரக்கு முழுவதையும் ஒரே இரவில் இனச்செல்களாக மாற்றி, விடிகாலையில் கடலில் விட்டுவிட்டு, வெள்ளை எலும்புக்கூடாக நின்று, உதிர்ந்து மணலாகிவிடும். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபுக்குப் பின்புறம் இப்படி உதிர்ந்து குவிந்த ஹாலிமீடா மேடுகள் 6,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருப்பதாக 2016இல் வரைபடம் போட்டார்கள். வேலூர் மாவட்டத்தையே உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும்.

சரி, கடலை விட்டுக் கரைக்கு வருவோம்.

திருவக்கரைக்கும் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூருக்கும் (நம் அணைக்கட்டுச் சாத்தனூர் அல்ல) பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் கல்மரம் காட்டுகிறோம். சாத்தனூரில் 18 மீட்டர் நீள மரம் கல்லாகிக் கிடக்கிறது, பார்க்க வேண்டியதுதான். ஆனால் அந்தச் சாத்தனூரிலிருந்து ரொம்பத் தூரம் போகாமலேயே கல்லக்குடி இருக்கிறது. 1953இல் கருணாநிதி தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்த ஊர் என்று நமக்கெல்லாம் அது மனப்பாடம். டால்மியாபுரமா கல்லக்குடியா என்று அன்று சண்டை, அந்தப் பெயரைக் கொண்டுவந்த சிமெண்ட் ஆலை அங்கே முளைத்ததற்குக் காரணம் ஊருக்கடியில் கிடந்த சுண்ணாம்புக்கல். அந்தக் கல்லின் ஒரு பகுதி, 10 முதல் 11 கோடி ஆண்டுகளுக்கு முன் பவளமும் கோரலின் பாசியும் சேர்ந்து கட்டிய பழைய பாறைத்திட்டு. கோரலின் பாசிகள் உலகத்தில் தலைகாட்டியதே சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் என்பதால், அந்தக் குடும்பத்தின் ஆரம்பகால ஆட்களில் சிலர் நம் ஊரில் படுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும்: அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் எல்லாமே பாசி அல்ல. கல்லங்குறிச்சிச் சுரங்கத்துக் கல் பெரும்பாலும் சிப்பிதான். அங்கே போய்ப் பாசி என்று சாதித்தால் தோற்றுப்போவோம்.

பாசிக்குப் பெயர்போன இடம் நின்னியூர். அரியலூர்ப் பக்கத்து டைனோசர் எலும்புகள் கிடைக்கும் கல்லமேடு பாறையடுக்குக்கு மேலே உட்கார்ந்திருக்கும் அடுக்குக்கு அந்த ஊர்ப் பெயர்தான். டைனோசர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு, 6 கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன்பு, அங்கே ஆழமில்லாத வெதுவெதுப்பான கடல் இருந்தது. அந்தக் கல்லை மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் ஓட்டை ஓட்டையான சிறு வளையங்கள் தெரியும். டாசிகிளாட் என்ற பச்சைப் பாசிக் கூட்டத்தின் சுண்ணாம்பு உறை அது. நடுவில் ஒரு தண்டு, அதைச் சுற்றி அடுக்கடுக்காகக் கிளைகள், எல்லாவற்றையும் மூடி ஒரு சுண்ணாம்புச் சட்டை. பாசி அழுகிப்போக, கிளைகள் இருந்த இடம் துளையாக நின்றுவிட்டது.

பெங்களூர் சென்ட்ரல் கல்லூரியின் எல். ராமராவும், டாசிகிளாட் பாசிகளில் அன்றைக்குப் பெரிய கையான வியன்னாவின் யூலியுஸ் பியாவும் சேர்ந்து 1936இல் இவற்றை வெளியிட்டார்கள். வைத்த பெயர்களைக் கேளுங்கள்: டிஸ்ஸோகிளாடெல்லா சாவித்ரியே. இண்டோபோலியா சத்யவந்தி. சாவித்திரியின் அப்பா அஸ்வபதி பெயரில் பாராகீட்டீட்டஸ் அஸ்வபதி, இது டாசிகிளாட் அல்ல, சிவப்புப் பாசிகளோடு சேர்க்கப்பட்டது. மாமனார் துயுமத்சேனரும் விடுபடவில்லை, அசிகுலேரியா துயுமத்சேனே. காரடையான் நோன்புக்கு அடை தட்டுகிற வீட்டுப் பிள்ளைகளிடம் இந்த ஒரு வரியைச் சொல்லிப் பாருங்கள், அந்த நாளில் பாடம் மறக்காது. எமனிடமிருந்து உயிரை மீட்டவளின் பெயரைக் கல்லுக்குள் 6 கோடி ஆண்டு கிடந்த ஒன்றுக்கு வைத்தவர்களுக்கு நல்ல ரசனை.

தாவரவியல் ஆசிரியர்களுக்கு இதில் இன்னொரு பிடிமானம் உண்டு. உட்கருதான் செல்லின் வடிவத்தை ஆட்டிவைக்கிறது என்று காட்டிய ஹாமர்லிங்கின் ஒட்டுச் சோதனையை நாம் எல்லோரும் படித்தவர்கள். அவர் தலையை வெட்டி மாற்றி மாற்றி ஒட்டிய அசிட்டபுலேரியா என்ற ஒருசெல் பாசி, டாசிகிளாட் வரிசையைச் சேர்ந்தது. நின்னியூர் அசிகுலேரியா அதற்கு நெருங்கிய உறவு. கரும்பலகையில் படம் போட்டு முடிக்கும் அந்தப் பாசியின் மூதாதைகள் நம் மாநிலத்துச் சுண்ணாம்புக்கல்லில் இருக்கின்றன என்று யாரும் நமக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, நாமும் சொல்வதில்லை.

பியா வாழ்ந்த வியன்னாவிலேயே பாசிக்கல் கட்டடங்கள் ஏராளம். ஊருக்குப் பக்கத்து லைதா மலையில் வெட்டிய கல், மயோசீன் காலத்துக் கோரலின் பாசி உருண்டைகளால் ஆனது. புனித ஸ்டீபன் பேராலயத்திலும் அந்தக் கல் இருக்கிறது. ஆல்ப்ஸ் மலையிலோ டாசிகிளாட் பாசி நிறைந்த டிரயாசிக் காலச் சுண்ணாம்புக்கல் மலையளவு. இந்த மாதிரிக் கல்லில் சிவப்புப் பாசியை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. வெட்டிய முகத்தில் வெளேரென்று வழவழப்பான திட்டாகத் தெரியும். சீவலாக்கினால் செல்கள் கட்டம் கட்டமாக அணிவகுத்து நிற்கும், ஏனென்றால் கால்சைட் எளிதில் உருமாறாது. ஹாலிமீடாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதன் அராகனைட் காலப்போக்கில் கரைந்து, பெரும்பாலும் அச்சு மட்டும் மிஞ்சும். புதைபடிவம் இல்லை என்றால் உயிரே இல்லை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்ளாமல் இருக்க இந்த வித்தியாசத்தைச் சொல்ல வேண்டும்.

“எங்க பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல இதெல்லாம் எங்க மேடம் இருக்கு?” என்று கேட்பீர்கள். சுண்ணாம்பு நம் ஊரில் எங்கே இல்லை? பேரணாம்பட்டு, ஆம்பூர், ராணிப்பேட்டை டேனரிகளில் தோலிலிருந்து மயிர் கழல்வதே சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய பிறகுதான். வெற்றிலைக்குத் தடவுவது கிளிஞ்சல் சுண்ணாம்பு. வயலில் உழும்போது தட்டுப்படும் சுக்கான்கல், மண்ணுக்குள்ளேயே நீர் வற்றிச் சுண்ணாம்பு திரண்டு உருவானது, கடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. திருப்பத்தூர் பக்கம் செவ்வாத்தூரில் இருப்பதோ இன்னும் ஆச்சரியம். அந்தக் கார்பனடைட் பாறை, பூமிக்கடியிலிருந்து உருகிய நிலையில் மேலே வந்த சுண்ணாம்பு, வயது 80 கோடி ஆண்டை ஒட்டி. எந்த உயிரும் அதைக் கட்டவில்லை. வெர்மிகுலைட் என்ற தாது வெட்டும் ஊர் என்றுதான் அதைப் பலருக்கும் தெரியும்.

அப்புறம் சமையலறை மேடை. சத்துவாச்சாரியிலிருந்து ஆரணி வரைக்கும் பாதி வீடுகளில் இன்னமும் கடப்பா கல்தான். எலுமிச்சை பிழிந்த கையோடு துடைக்காமல் விட்டால் அந்த இடம் பளபளப்புப் போய் வெளிறிவிடும், அம்மா திட்டுவார். கிரானைட் மேடைக்கு அது நடக்காது. கடப்பா கல் சுண்ணாம்புக்கல் என்பதற்கு அதைவிட நல்ல சோதனை ஆய்வகத்திலும் இல்லை. அதே கடப்பா வடிநிலத்தின் வெம்பள்ளி அடுக்கில், 190 கோடி ஆண்டுக்கு முந்தைய ஸ்ட்ரோமடோலைட்டுகள் இருக்கின்றன. சிப்பியும் பவளமும் பிறப்பதற்கு எவ்வளவோ முன்பு, நீலப்பச்சை பாக்டீரியாக்கள் சேற்றைப் பிடித்துப் படலம் படலமாகக் கட்டியவை. சுண்ணாம்பு கட்டும் வேலையை முதலில் எடுத்துச் செய்தது விலங்கல்ல என்பதற்குச் சித்தூர் தாண்டினால் சாட்சி இருக்கிறது.

இந்தப் பாசிகளுக்கு இப்போது நேரம் சரியில்லை என்பதையும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். நாம் விடும் கரியமில வாயுவில் ஒரு பங்கைக் கடல் விழுங்கிக்கொண்டு அமிலத்தன்மை ஏறி வருகிறது. மெக்னீசியம் கலந்த கால்சைட்தான் முதலில் கரையும் வகை. இத்தாலியின் இஸ்கியா தீவுக்கருகே கடலடியிலிருந்து இந்த வாயு இயற்கையாகவே குமிழிவிடும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே ஆய்வு செய்தவர்கள் 2008இல் எழுதியது: குமிழியை நெருங்க நெருங்கச் சுண்ணாம்புப் பாசிகள் குறைந்து கடைசியில் இல்லாமலே போகின்றன, கடற்புல் மட்டும் செழிப்பாக நிற்கிறது. பரிசு வாங்கிய அந்த எரிமலைக்குள் வினிகர் செய்ததும் அடிப்படையில் இதே வேலைதான்.

கடைசியாகச் சுற்றுலா. ராமேஸ்வரம் போகும் பேருந்துகளுக்கு ஒரு வேண்டுகோள்: மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பவளம் 2001 முதல் புலிக்குச் சமமான சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. அங்கே எதையும் பையில் போட விடாதீர்கள். பார்த்து, படம் வரைந்தால் போதும். நம் மாகாணத்துப் பாசி ஆராய்ச்சிக்கு அடி போட்ட எம்.ஓ.பி. அய்யங்கார் குருசடைத் தீவுத் தாவரங்களைப் பற்றி 1927இலேயே எழுதியிருக்கிறார் என்பதைப் பேருந்தில் சொல்லிக்கொண்டே போகலாம்.

அரியலூருக்கு வேலூரிலிருந்து திருவண்ணாமலை, விழுப்புரம் வழியாக ஐந்தாறு மணி நேரம். ஐப்பசி கார்த்திகையில் போகாதீர்கள், களிமண் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். பொங்கல் கழிந்து பிப்ரவரிக்குள் போனால் வெயிலும் தாங்கும். வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. பிள்ளைகள் கண் முதலில் சுருள் ஓட்டு அம்மோனைட்டுகளுக்குத்தான் போகும், போகட்டும், அப்புறம் பாசிக்குத் திருப்புங்கள். சுரங்கத்துக்குள் ஆலையின் அனுமதி இல்லாமல் இறங்கக் கூடாது, முன்கூட்டியே கடிதம் எழுத வேண்டும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் நாலு பேருக்கு ஒன்றாவது வேண்டும், வெறுங்கண்ணில் நின்னியூர்க் கல் சாம்பல் நிறக் கல் மட்டும்தான். நிலவியல் துறை இருக்கிற கல்லூரி எதிலாவது கேட்டால் பாறைச் சீவல்களை நுண்ணோக்கியில் காட்டுவார்கள், திரும்பும் வழியில் அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

எந்தப் பள்ளி கிளம்பினாலும் பேருந்தில் ஒரு சீட் மிஞ்சினால் சொல்லுங்கள். ரோஸ் பெயிண்ட் பூசிய பெண்ணுக்கும் சேர்த்து இரண்டு சீட் என்றால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
தாவரவியல் ஆசிரியை ஒருத்தி,
குடியாத்தம்.